வேம்பார் தாண்டி நின்ற வண்டி

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, இரவு ஒன்பதே முக்கால். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பாரைத் தாண்டி, கன்னிராஜபுரம் வருவதற்கு முன்னால், என் வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் அணைந்தது. மீட்டர், முகப்பு விளக்கு, எஞ்சின் மூன்றும் ஒரே நொடியில் போயின. கிளட்சைப் பிடித்தபடி உருட்டிக்கொண்டு வந்து இடது ஓரத்தில் நிறுத்தினேன். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அதற்கு அப்பால் எங்கோ கடல் இருக்கிறது என்று காற்றின் பிசுபிசுப்பு சொன்னது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தரைக்குள் ராமநாதபுரத்தில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன், என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மனைவியும் பையனும் காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். எனக்கு வீடு பாளையங்கோட்டை, வேலை தூத்துக்குடி. அன்று வீட்டுக்குத் திரும்பாமல் வேலை முடிந்ததும் எட்டரைக்கு அங்கிருந்தே கிளம்பினேன். நின்ற இடத்திலிருந்து வீடு நூறு கிலோமீட்டருக்கு மேல். போகிற ஊரும் பக்கத்தில் இல்லை.

வண்டி 160 சிசி, 2021-இல் வாங்கியது. பிஎஸ் 6 என்கிற புகை விதிப்படி வந்தது. எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதிலாக மின்சாரத்தில் இயங்கிப் பெட்ரோலைத் தெளிக்கிற அமைப்பு. கிக்கர் கிடையாது. இந்த விவரங்களை நினைவில் வைத்துக்கொண்டால் மேலே வருவது புரியும். இவற்றை மறந்துவிட்டு, 2005 மாடல் வண்டிக்குச் செய்கிற வைத்தியத்தை எல்லாம் இதற்குச் செய்தேன்.

முதல் கால் மணி நேரம்

செய்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். சாவியைத் திருப்பினேன். மீட்டர் மங்கலாக எரிந்து, ஊசி துள்ளி, அணைந்தது. செல்ஃபைத் தட்டினேன். 'டக்' என்று ஒரு சத்தம். இன்னொரு முறை தட்டினேன், 'டக் டக் டக்'. மறுபடியும், மறுபடியும். எட்டுப் பத்துத் தடவை தட்டியிருப்பேன். கடைசியில் அந்த டக்கும் நின்றது.

பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து ஆட்டிப் பார்த்தேன். இருந்தது. எஞ்சினை அணைக்க ஹாண்டில்பாரில் இருக்கிற கில் சுவிட்சைப் பார்த்தேன். எங்கள் சித்தப்பா ஒருவர் கில் சுவிட்ச் அமுங்கியிருப்பது தெரியாமல் வண்டியை இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்து மெக்கானிக் கடை வாசலில் வியர்வையோடு நின்றவர், அதனால் எங்கள் குடும்பத்தில் யாரும் அதைப் பார்க்க மறப்பதில்லை. சரியாகத்தான் இருந்தது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஃபியூஸை உருவி, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே கம்பி அறுபடவில்லை.

அப்புறம் தள்ளு ஸ்டார்ட். இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஏறி உட்கார்ந்து கிளட்சை விட்டேன். பின் சக்கரம் கிறீச்சிட்டது, எஞ்சின் சுழன்றது, பற்றவில்லை. மூன்று முறை ஓடினேன். நூற்று நாற்பது கிலோ வண்டியைத் தள்ளிக்கொண்டு இருட்டில், தார்ச்சாலையின் நடுவில், எந்த விளக்கும் இல்லாமல் ஓடியிருக்கிறேன். அந்த மூன்று ஓட்டத்தின்போது லாரி எதுவும் வரவில்லை என்பதைத் தவிர அதில் நல்லது என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும், ஏனென்றால் இதே தவறை நம்மில் பெரும்பாலானோர் செய்வோம். பழைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். பெட்ரோல் தானாக இறங்குகிறது. தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை, எஞ்சினோடு சேர்ந்து சுழன்று மின்சாரம் உண்டாக்குகிற மேக்னட்டே தருகிறது. கிக்கரை மிதித்தால் போதும். எஃப்ஐ வண்டியில் அப்படி இல்லை. டேங்குக்குள் இருக்கிற பம்ப் மோட்டார் அழுத்தம் கொடுத்தால்தான் பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும். எப்போது, எவ்வளவு தெளிக்க வேண்டும் என்று வண்டியின் மின்னணு மூளையான இசியு சொல்ல வேண்டும். இரண்டுக்கும் பேட்டரியில் ஓரளவு வோல்டேஜ் மிச்சம் இருந்தாக வேண்டும். செல்ஃப் சுழலாத அளவுக்கு இறங்கிய பேட்டரியைத் தள்ளு ஸ்டார்ட் காப்பாற்றக்கூடும், முழுக்கக் காய்ந்துவிட்டதை அது காப்பாற்றாது.

நல்ல நிலையில் இருக்கிற எஃப்ஐ வண்டியில் சாவியைத் திருப்பியதும் டேங்குக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று நொடிக்கு 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது பம்ப். தினமும் கேட்டுக் கேட்டுக் காதில் விழாமலே போய்விட்ட சத்தம். அன்று இரவு அது கேட்கவில்லை. முதல் தடவை சாவி திருப்பியபோதே இதைக் கவனித்திருந்தால், 'கரண்டு இல்லை, இந்த வண்டி இங்கே ஓடாது' என்ற முடிவுக்கு அரை நிமிடத்தில் வந்திருப்பேன். செல்ஃப் மோட்டார் ஒவ்வொரு தட்டுக்கும் பத்துக்கணக்கில் ஆம்பியர் இழுக்கும். மிச்சம் இருந்த கொஞ்ச உயிரையும் நானே தட்டித் தட்டி உறிஞ்சினேன். அதை வைத்திருந்தால் குறைந்தபட்சம் இண்டிகேட்டரையாவது எரியவிட்டுக்கொண்டு நின்றிருக்கலாம்.

நின்ற இடம்

பழுதைப் பார்ப்பதை நிறுத்தியபிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். வளைவு முடிகிற இடம். பின்னாலிருந்து வருகிறவருக்குக் கடைசி நொடிவரை நான் தெரியமாட்டேன். வண்டி ரிப்பேரைவிட இதுதான் பெரிய ஆபத்து. இருவழிச் சாலை, தெருவிளக்கு கிடையாது, கண்டெய்னர் லாரியும் மீன் வண்டியும் அந்த நேரத்தில் சும்மா பறக்கும்.

தள்ளத் தொடங்கினேன். ஒரு முந்நூறு, நானூறு மீட்டர் இருக்கும். சாலைக்கு வெளியே மண் தரையோடு ஒரு பயணியர் நிழற்குடை. விளக்கு இல்லை, ஆனால் சுவரில் வெள்ளையடித்திருந்தது, தூரத்திலிருந்தே வெளிச்சம் பட்டுத் தெரிந்தது. வண்டியை அதன் பக்கவாட்டில், சாலையிலிருந்து முழுக்க விலக்கி நிறுத்தினேன். காதுகுத்துக்கு வைத்திருந்த புது வெள்ளைத் துண்டை எடுத்துப் பின்பக்கக் கம்பியில் கட்டினேன். நான் வண்டிக்குப் பக்கத்தில் நிற்காமல் நிழற்குடையின் திண்ணை மேல் ஏறிக்கொண்டேன். எவனாவது தூக்கக் கலக்கத்தில் வந்து இடித்தால் வண்டியோடு போகட்டும். புல்லில் உட்காராததற்குக் காரணம் வேறு, அது சுருட்டைவிரியன் உலவுகிற பூமி.

செல்போனில் 23 சதவீதம். வண்டியின் யுஎஸ்பியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் தூத்துக்குடியில் சார்ஜ் போடாமலே கிளம்பியிருந்தேன். சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போனது. வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பினால் கடிகாரம் மாதிரி ஒரு குறி சுற்றிக்கொண்டே இருந்தது. சாதாரண எஸ்எம்எஸ் உடனே போய்விட்டது. மைத்துனருக்கு மூன்று வரி எழுதினேன்: வண்டி நின்றுவிட்டது, வேம்பாருக்கு அடுத்த நிழற்குடை, எனக்கு ஒன்றும் இல்லை. மனைவிக்கு அனுப்பவில்லை. அது சரியா தவறா என்று இன்றுவரை வீட்டில் விவாதம் நடக்கிறது.

இன்சூரன்ஸோடு சேர்த்து வாங்கிய சாலை உதவி எண்ணுக்கு அடித்தேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. எதிர்முனையில் இருந்த பெண் மரியாதையாகப் பேசினார். முதல் கேள்வி, "நீங்கள் நிற்கும் இடத்தின் பின்கோடு சொல்லுங்கள் சார்." இருட்டில் சீமைக்கருவேலத்துக்கு எந்தத் தபால்காரர் கடிதம் கொண்டு வருகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஊர்ப் பெயரைச் சொன்னேன், மாவட்டம் எது என்றார். அதிலும் சிக்கல். வேம்பார் தூத்துக்குடி மாவட்டம், கன்னிராஜபுரம் ராமநாதபுரம் மாவட்டம், நான் நின்றது இரண்டுக்கும் இடையில். கடைசியில் ஆள் வர மூன்று மணி நேரம் ஆகலாம் என்றார். பேட்டரி சதவீதம் 17 ஆகியிருந்தது. போனை அணைத்துவிட்டேன்.

சுங்கச்சாவடி வைத்த நாலுவழி தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அடிக்கலாம், ரோந்து வண்டியோ கிரேனோ வரும். மிரட்டலோ அடியோ என்றால் 112. என் நிலைமைக்கு இரண்டும் பொருந்தாது என்று நினைத்தேன். ஆபத்தில் இல்லை, வெறுமனே மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் 112-ஐப் போனில் ஒரே தட்டலில் போகிற மாதிரி முதல் இடத்தில் வைத்துவிட்டுத்தான் அணைத்தேன்.

எக்ஸெல்காரர்

அரை மணி நேரத்தில் பதினைந்து வண்டி போயிருக்கும். நான் யாரையும் கைகாட்டி மறிக்கவில்லை. இருட்டில் ஒருவன் குறுக்கே வந்து கைநீட்டினால் நானாக இருந்தாலும் நிறுத்தமாட்டேன். திண்ணையில் நின்று, போனை ஒரு நிமிடம் உயிர்ப்பித்து, அதன் வெளிச்சத்தை வண்டி மேல் அடித்தேன். என்மேல் அடிக்கவில்லை. ஆளைப் பார்த்தால் பயப்படுவார்கள், நின்றுபோன வண்டியைப் பார்த்தால் விஷயம் தானாகப் புரியும்.

எதிர்ப்பக்கமிருந்து ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்து நின்றது. பின்னால் வலைமூட்டை. ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"என்ன தம்பி, நின்னுபோச்சா?"

"ஆமாண்ணே. கரண்டே வரல."

"எங்கிட்டுப் போகணும்?"

"ராம்நாடு."

"ஆத்தாடி." இறங்கி வந்து என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முன்னால் கம்பியில் பூட்டியிருந்த இரண்டு ஃபாக் லைட்டைக் கையால் தட்டினார். "இம்புட்டு லைட்டு இருந்தும் இருட்டுல நிக்கிறீகளே" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். "நம்ம வண்டிக்குப் பேட்டரி செத்து மூணு வருசமாச்சு. மிதிச்சா ஓடுது."

சாயல்குடி வரை எக்ஸெல்லில் இருந்தபடி காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறேன் என்றார். நம் ஊர்களில் தினமும் பார்க்கிற வித்தைதான், பின்னால் வருகிறவர் தன் காலை முன் வண்டியின் ஃபுட்ரெஸ்டில் வைத்து உந்திக்கொண்டே வருவது. பகலில், டவுனுக்குள், அரை கிலோமீட்டர் என்றால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். பின் விளக்கே இல்லாத வண்டியில், இருட்டில், அவ்வளவு தூரம், அதுவும் அவர் வந்த திசைக்கு எதிராக. வேண்டாம் என்று சொன்னேன். அன்று இரவு நான் எடுத்த முடிவுகளில் சரியானவை இரண்டு, அதில் இது ஒன்று. மற்றது வளைவிலிருந்து நகர்ந்தது.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு யாருக்கோ போன் செய்தார். கரி இறக்கிவிட்டுத் தூத்துக்குடியிலிருந்து காலியாகத் திரும்புகிற குட்டியானைச் சரக்கு வண்டி ஒன்று குளத்தூர் தாண்டி வந்துகொண்டிருக்கிறதாம். சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி ஏற்றுகிற தொழில் பெரிது. அந்த முள் என்னை அன்று சுற்றி நின்று பயமுறுத்தியது, கடைசியில் அதன் கரி ஏற்றிய வண்டிதான் என்னைத் தூக்கிக்கொண்டு போனது.

கிளம்பும்போது தன் பேட்டரி லைட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். பிளாஸ்டிக் உடம்பு, முன்பக்கம் வாயில் டேப் சுற்றியது. "வச்சுக்கங்க. சாயல்குடியில டீக்கடையில குடுத்துருங்க, நான் வாங்கிக்குவேன்." எந்த டீக்கடை என்று கேட்டேன். கூட்டு ரோட்டில் விடிய விடியத் திறந்திருப்பது ஒன்றுதான் என்றார். பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏற்றுவது

குட்டியானை வந்தபோது மணி பதினொன்றேகால். டிரைவர் சின்னப் பையன், கூட ஒரு லோடுமேன். பலகை இல்லாமல் இந்த வண்டியை எப்படித் தூக்குவது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, பையன் பேசாமல் வண்டியைப் பின்னோக்கி எடுத்து, நிழற்குடைக்குப் பக்கத்தில் பாலம் வேலைக்காகக் குவித்திருந்த மண்மேட்டில் பின்பக்கத்தை முட்டினான். மேடும் தளமும் ஏறக்குறைய ஒரே உயரம். உருட்டினோம், போய்விட்டது.

கட்டும் முறையிலும் அவனிடம் ஒன்று கற்றுக்கொண்டேன். நான் சைடு ஸ்டாண்டைப் போட்டேன். "அத மடக்குங்கண்ணே, குழியில எறங்குனா ஸ்டாண்டு வளையும்" என்றான். முன்சக்கரத்தைக் கேபின் சுவரில் முட்டவைத்து, ஹாண்டில்பாரின் இரண்டு பக்கத்திலிருந்தும் கயிற்றைக் கீழ்நோக்கி இழுத்து, முன் ஃபோர்க் பாதி அமுங்குகிற வரை இறுக்கினான். அமுங்கின ஸ்பிரிங் கயிற்றைத் தளரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வண்டியை முதல் கியரில் போட்டுவிட்டான். வழியெல்லாம் வண்டி ஒரு ஆட்டம் ஆடவில்லை. நான்தான் கரித்தூளில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே போனேன்.

ஐந்நூறு கேட்டான், கொடுத்தேன். அந்த நேரத்துக்கு அது நியாயமான கூலி.

டீக்கடை வாசலில் இறக்கிப் போட்டோம். கடைக்காரர் பெஞ்சைக் காட்டினார். போனுக்குச் சார்ஜர் கொடுத்தார். இரவெல்லாம் நான்கு டீ. மூன்று கடை தள்ளி ஒரு மெக்கானிக் கடை, ஷட்டரில் போன் நம்பர் எழுதியிருந்தது. காலை ஆறு மணிக்கு அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை. காதுகுத்து என்று சொன்னதும் எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "தாய்மாமனா? இருங்கண்ணே, வர்றேன்."

திறந்து பார்த்தபோது

நான் பேட்டரி போய்விட்டது என்று தீர்மானித்திருந்தேன். ஒரு வாரமாகக் காலையில் செல்ஃப் கொஞ்சம் சோம்பலாகத்தான் சுற்றியது. மெக்கானிக் பையன் மல்டிமீட்டரை வைத்தான். 11.4 வோல்ட். நிறைந்த பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். கடை பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு வண்டியைக் கிளப்பி, ஒயரை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தான். 12.1. ஆக்சிலேட்டரை முறுக்கினான். 12.3. ஓடுகிற வண்டியில் பதின்மூன்றரை முதல் பதினான்கரைக்குள் காட்டினால்தான் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்குண்ணே. சோறு போகல" என்றான்.

மின்சாரத்தைச் சீராக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிற ரெகுலேட்டருக்குப் போகிற ஒயரைத் தடவிக்கொண்டே வந்து சீட்டுக்கு அடியில், ஒயர்களை இணைக்கிற ஒரு கப்ளரில் விரலை நிறுத்தினான். வெள்ளைப் பிளாஸ்டிக் கப்ளர். மேக்னட் காயிலிலிருந்து மூன்று மஞ்சள் ஒயர் அதற்குள் போகிறது. இரண்டு ஒயர் மஞ்சளாகவே இருந்தது. மூன்றாவதின் தோல் இரண்டு அங்குலத்துக்குக் கருத்து, வெடித்து, முறுக்கு மாதிரி மொரமொரவென்று இருந்தது. அந்த முனையில் கப்ளர் உருகி வழிந்து உறைந்திருந்தது. பிரிக்க முயன்றபோது உள்ளே இருந்த உலோகப் பின் தனியாகக் கையோடு வந்துவிட்டது. அதன் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு.

கப்ளரைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு மூன்று மஞ்சள் ஒயரையும் ஜோடி ஜோடியாகத் தொட்டுப் பார்த்தான். மூன்று ஜோடியிலும் ஒரே அளவு வந்தது. காயில் நன்றாக இருக்கிறது என்றான். கோளாறு இந்த ஒரு பின்னில் மட்டும்தான்.

மூன்று ஒயரில் ஒன்று போனால் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம் மிஞ்சும் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மின்சாரம் ஜோடிகளுக்கு இடையில்தான் வருகிறது. மூன்று ஒயர் இருந்தால் மூன்று ஜோடி. ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரே ஒரு ஜோடி.

அந்தப் பின் இருந்த இடம் ஏன் உருகியது? பின்னின் பிடி தளர்ந்திருந்தது. தளர்ந்த இடத்தில் உப்புக்காற்று புகுந்து களிம்பு பிடிக்க வைத்தது. என் வண்டி பகலெல்லாம் தூத்துக்குடியில் உப்பளத்துக் காற்றில்தான் நிற்கும். களிம்பு ஏறினால் அந்த இடத்தில் தடை கூடும். பத்து ஆம்பியர் ஓடுகிற இடத்தில் தடை வெறும் 0.1 ஓம் ஆனாலே பத்து வாட் சூடு. சின்ன சால்டரிங் ராடு ஒன்று இருபத்தைந்து வாட்தான். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான சூடு, சுண்டுவிரல் நக அளவு இடத்தில், சீட்டுக்கு அடியில், நாள்கணக்கில்.

தளர்ந்தது எப்படி என்பதுதான் எனக்கு உறைத்த இடம். ஃபாக் லைட்டுக்கான கறுப்பு ஒயரை அதே கப்ளரின் ஒயர்களோடு சேர்த்து பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மூன்று மாதம் முன்னால் ஒரு துணைச்சாமான் கடையில் பூட்டியது. ஒவ்வொரு குழியிலும் அந்தக் கட்டு கப்ளரைக் கோணலாக இழுத்திருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 'ஒயர் வெளியே தெரியாமல் நீட்டாகக் கட்டிக் கொடுங்கள்' என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான்தான்.

ஆம்பியர் கணக்கு

இதை ராமநாதபுரத்தில் விருந்து முடிந்து எல்லாரும் படுத்தபிறகு ஒரு அழைப்பிதழின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். முகப்பு விளக்கு 35 வாட். 2017 ஏப்ரல் முதல் இங்கே விற்கிற புது இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே முகப்பு விளக்கு எரியும், அணைக்க சுவிட்ச் கிடையாது. ஃபாக் லைட் இரண்டும் சேர்ந்து 40 வாட். பம்ப், இசியு, தீப்பொறிக்கான காயில், பின்விளக்கு, மீட்டர் எல்லாம் சேர்த்து உத்தேசமாக 45 வாட் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 120 வாட், 12 வோல்ட்டுக்குப் பத்து ஆம்பியர்.

பேட்டரி 5 ஆம்பியர் ஹவர். ஒரு வாரமாகக் குறைவாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததால் கிளம்பும்போது பாதிதான் இருந்தது என்று எடுத்துக்கொண்டேன், அதாவது இரண்டரை. ஒரு ஜோடியிலிருந்து வந்த மின்சாரம் தேவையைவிட இரண்டு ஆம்பியர் குறைவாக இருந்தாலே பேட்டரி ஒன்றேகால் மணி நேரம்தான் தாங்கும். எட்டரையிலிருந்து ஒன்பதே முக்கால், ஒன்றேகால் மணி நேரம். இரண்டு ஆம்பியர் என்பது என் ஊகம்தான், பத்து நிமிடம் முன்பின் இருக்கலாம். ஆனால் அதற்கு அடுத்த வரியை எழுதியபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஃபாக் லைட் மட்டும் தின்றது மூன்றேகால் ஆம்பியருக்கு மேல். பற்றாக்குறையே இரண்டுதான். அந்த ஒரு சுவிட்சை அணைத்திருந்தால், உருகிய கப்ளரோடேயே வண்டி ராமநாதபுரம் போய்ச் சேர்ந்திருக்கக்கூடும்.

அணைக்கச் சொல்லி வண்டி கேட்கவும் செய்தது. சூரங்குடியில் ஒரு நாய் குறுக்கே வந்தபோது ஹாரன் அடித்தேன், தொண்டை கட்டிய ஆள் மாதிரி கம்மிய குரலில் வந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு மாட்டுவண்டியை முந்த இண்டிகேட்டர் போட்டேன், அது யோசித்து யோசித்து எரிந்தது. விளக்கு மங்குவது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. மெதுமெதுவாக மங்குவதைக் கண் பழகிக்கொள்கிறது, அதோடு எல்இடி ஃபாக் லைட்டு வோல்டேஜ் இறங்கினாலும் கடைசிவரை பிரகாசமாகவே எரியும். முகப்பு விளக்கின் பல்பு மஞ்சளானதை அதன் வெளிச்சம் மறைத்துவிட்டது.

வேம்பாரில் டீக்கடை திறந்திருந்தது. வெளிச்சம், ஆட்கள், நின்றிருந்த இரண்டு லாரி. ஹாரன் சரியில்லையே என்று அங்கே நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன், 'சாயல்குடியில் பார்த்துக்கலாம்' என்று தாண்டிவிட்டேன். பின்னால் மனைவியும் பையனும் உட்கார்ந்திருந்தால் நிறுத்தியிருப்பேன். தனியாக வருகிறவனுக்கு அடுத்த ஊர் எப்போதும் பக்கத்தில்தான்.

இப்போது வண்டியில்

மெக்கானிக் பையன் கப்ளரையே வெட்டி எடுத்துவிட்டு, கருத்த ஒயரை நல்ல செம்பு தெரிகிற வரை நறுக்கி, மூன்றையும் நேரடியாக முறுக்கி சால்டர் வைத்து ஸ்லீவ் மாட்டினான். கிளப்பி மீட்டரை வைத்தான், 14.1. முந்நூறு ரூபாய். ஃபாக் லைட்டின் ஒயரைத் தனிப் பாதையில் இழுத்து, தனி ஃபியூஸ் போட்டான். கழற்றிவிடவா என்று கேட்டான். மாடும் நாயும் படுத்துக் கிடக்கிற சாலையில் அது உபயோகம்தான், எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தாமல் கீழே சாய்த்துக் கொடு என்றேன்.

பிறகு நானே ஒரு சின்ன டிஜிட்டல் வோல்ட்மீட்டர் வாங்கி ஹாண்டில்பாரில் பூட்டினேன். இருநூறு ரூபாய்க்கும் குறைவு. ஓடும்போது அது பதின்மூன்றுக்குக் கீழே இறங்கினால் முதலில் ஃபாக் லைட், அடுத்து யுஎஸ்பி, இரண்டையும் அணைத்துவிட்டு அடுத்த வெளிச்சமான இடத்தில் நிற்பது என்று வைத்திருக்கிறேன். சீட்டுக்கு அடியில் இரண்டு ஃபியூஸ், ஒரு அடி ஒயர், டேப், பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு பட்டை. பஞ்சர் கிட் ஏற்கெனவே இருந்தது. அன்று அதைத் தவிர வேறு எதுவும் இல்லை, அன்று வேண்டியிருந்தது அது இல்லை. போனுக்குத் தனிப் பவர்பேங்க்.

காதுகுத்து ஒன்பதே முக்காலுக்கு நடந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் என் வேட்டியில் இருந்த கரியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. பாப்பா மட்டும் என் கைவிரலை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள், அதற்கப்புறம்தான் ஊசிக்காக அழுதாள்.

சாயல்குடியை விட்டுக் கிளம்புவதற்கு முன் அந்த லைட்டை டீக்கடைக்காரரிடம் நீட்டினேன். எக்ஸெல்லில் வந்தவர், வலைமூட்டை, டேப் சுற்றியிருக்கும் என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பால் பொங்க வந்தது. ஒரு கையால் அடுப்பைக் குறைத்துக்கொண்டே மறுகையால் லைட்டை வாங்கி, கல்லாவுக்கு மேலே பலகையில் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு குடையும், ஒரு ஸ்பேனரும், யாருடையதோ ஒரு ஹெல்மெட்டும் இருந்தன.